ஷீல்ட் பார்த்து முடித்தாயிற்று, மகள்

அன்பின் மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ தந்துவிட்டுப் போன ஹார்ட் டிஸ்கில் இருந்த 'தி ஷீல்ட்' என்ற அமெரிக்கப் பொலிஸ் நாடகத்தின் ஏழு சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். முதல் எபிசோட்டின் கடைசியில் விக் மேக்கி தன் கூட வேலை செய்கிற பொலிஸ்காரனையே முகத்தில் சுட்டதும் அம்மா "இதென்ன கோதாரி" என்று எழும்பிப் போய்விட்டா. பிறகு கதவடியில் நின்று பார்த்தது வேறு கதை.

அதே மாதிரி இன்னொரு அமெரிக்க நாடகமான 'தி வயர்'தான் மேல் என்று நீ போனில் சொன்னாய். இரண்டும் 2002இல் தொடங்கி 2008இல் முடிந்தவை, வயரைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்கிறார்கள், ஷீல்டின் பெயரே பலருக்குத் தெரியாது. இத்தனைக்கும் மேக்கியாக நடித்த மைக்கேல் சிக்லிஸுக்கு முதல் வருடமே எம்மி என்ற தொலைக்காட்சி விருது கிடைத்தது. கமரா ஆடுகிறது, அடிதடி கூட என்று நீ சொல்வது சரி. ஆனால் வயரில் பிழை முழு நகரத்தின் மேலும் பரவிக் கிடக்கும், ஒரு ஆளைப் பிடித்து நீதான் என்று சொல்ல ஏலாது. இங்கே அந்த வசதி கிடையாது. மேக்கி போதைப்பொருள்காரனோடு கூட்டு வைக்கிறான், காணாமல் போன சிறுமியைத் தேடும்போது பிடிபட்டவனை ரெலிபோன் புத்தகத்தால் வெளுக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கிற நான், இந்த வயதில், உள்ளுக்குள்ளே "போடு இன்னும்" என்கிறேன். அப்படி எங்களையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டுதான் பிறகு கணக்குக் கேட்கிறது இந்த நாடகம்.

கடைசிக்கு முதல் எபிசோட்டை மட்டும் இன்னொருதரம் பார். மேக்கியைத் தண்டிப்பதில்லை என்ற ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ரெக்கோடர் ஓடுகிறது, அவன் வாயே திறக்காமல் இருக்கிறான், எவ்வளவு நேரம்! பிறகு அந்த முதல் கொலையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அவனைப் பார்க்காதே, எதிரில் இருக்கிற அந்த அதிகாரிப் பெண்ணின் முகத்தைப் பார். இனி அவனைத் தொட முடியாது என்று அவளுக்கு விளங்குகிற இடம் அது.

செய்ததையெல்லாம் சொல்லிவிட்டு ஒருவன் சிறைக்குப் போகாமல் எழும்பிப் போவதை கிளிநொச்சியில் இருந்து பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017இல் இங்கே கந்தசாமி கோவிலடியில் போராட்டத்துக்கு வந்து குந்திய தாய்மாருக்கு, பிள்ளைக்கு என்ன நடந்தது என்று வாயால் சொல்லக்கூட இன்னும் ஒருவரும் வரவில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

கடைசியில் மேக்கிக்குக் கோட்டு சூட்டும் மேசை வேலையும் கிடைத்ததெல்லாம் தண்டனையா என்று நீ கேட்பாய், அவனுக்கு அது தண்டனைதான் என்று நினைக்கிறேன். எனக்கு விளங்காதது மேக்கியின் கூட்டாளிப் பொலிஸ்காரன் ரோனி. அவனும் சுத்தமில்லை, ஆனாலும் கடைசிவரை நம்பி நின்றவனுக்கு விலங்கு. பாவப்படுவதா விடுவதா? ஞாயிறு போன் எடுக்கும்போது சொல்லு.

அப்பா