நிறைந்த குடமும் கீறல் இல்லாத குடமும்: மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மறைக்கல்விப் பாடம் எழுதுவோருக்கும், குருமடங்களிலும் துறவறப் பயிற்சி இல்லங்களிலும் இறையியல் கற்பிப்போருக்கும்,

வணக்கம்.

இடைக்கால இறையியலை நடத்தும்போது ‘நிறைவு’ என்பதைத் துறவறப் பாடத்தில் வைக்கிறோம். ‘இறுதிக்கதி’ என்பதைச் சாவு, தீர்ப்பு, மோட்சம், நரகம் என்ற வரிசைக்குத் தள்ளிவிடுகிறோம். இந்தப் பிரிவினையைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இம்மடல். 13-ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களுக்கு இவை இரண்டும் ஒரே பாடம். ஒரு பொருள் எதற்காக உண்டாயிற்றோ அதை எட்டும்போதுதான் அது நிறைவடைகிறது.

முதலில் சொற்கள். மத்தேயு 5:48-ஐப் பழைய மொழிபெயர்ப்பு ‘பூரண சற்குணர்’ என்கிறது, பொது மொழிபெயர்ப்பு ‘நிறைவுள்ளவர்’ என்கிறது. முன்னதைக் கேட்கும் பிள்ளை மாசுமறுவற்ற ஒழுக்கத்தை நினைக்கும். கிரேக்க மூலத்தில் உள்ள ‘தெலெயோஸ்’ இலக்கு என்று பொருள்படும் ‘தெலோஸ்’ என்பதிலிருந்து வந்தது. இலத்தீனின் ‘பெர்ஃபெக்துஸ்’ என்றால் செய்து முடிக்கப்பட்டது. கீறல் இல்லாத குடம் வேறு, நிறைந்த குடம் வேறு. இந்த வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே சொல்லாவிட்டால், எல்லாவற்றிலும் பாவம் தேடித் தவிக்கும் மனநிலையைத்தான் மாணவர்கள் ‘நிறைவு’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

‘மனிதனின் இறுதி முடிவு’ என்று எழுதினால் சாவு என்றே படிக்கப்படும். ‘கதி’ நல்ல சொல், வழியும் சேருமிடமும் அதில் இருக்கின்றன. ‘வீடுபேறு’ என்று எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு என்பது விடுதல், ஆனால் இடைக்கால ஆசிரியர்களின் அழுத்தம் ‘பேறு’ என்ற பாதியில் விழுகிறது. எதிலிருந்து விடுபட்டோம் என்பதைவிட எதைப் பெற்றோம் என்பதே அவர்களுடைய கேள்வி.

இவற்றைவிட ஆபத்தானது ‘காட்சி’ என்ற சொல். மாதா காட்சி கொடுத்தார் என்று சொல்லிப் பழகிய நமக்கு, ‘இறைக்காட்சி’ என்றால் கண்முன் ஓர் உருவம் தோன்றுவதாகவே படும். தூயோர் விண்ணகத்தில் இறைவனைக் காணும் பேரின்பக் காட்சியில் உருவமே கிடையாது. நடுவில் எந்தச் சாயலும் இல்லாமல் இறைவனின் உள்ளியல்பையே அறிவு காண்பது அது. அந்த உள்ளியல்பை மனிதரோ வானதூதரோ காணமாட்டார்கள் என்ற கருத்தைப் பாரீசு ஆயர் வில்லியம் 1241-இல் கண்டித்தார். அந்தக் கண்டனத்திற்குப் பிறகு எழுதியவர் 13-ஆம் நூற்றாண்டு இறையியலார் தோமா அக்குவினா. படைக்கப்பட்ட அறிவால் அது எப்படி முடியும் என்ற சிக்கலுக்கு அவர் தரும் விடை ‘மாட்சியின் ஒளி’ (வினாக்களாகவும் அவற்றின் கூறுகளாகவும் பிரிந்த அவருடைய பெருநூல் இறையியல் தொகை, முதற்பகுதி, வினா 12, கூறு 5). இறைவன் நம் கண்ணுக்கு எட்டும்படி இறங்கி வருகிறார் என்பதல்ல அதன் கருத்து. நம் அறிவின் ஆற்றலையே உயர்த்தித் தருகிறார் என்பதே. அந்த ஒளியில் யார் அதிகம் பங்குபெறுவார்? அதிக அன்புள்ளவர் (கூறு 6). அன்பு ஆசையைப் பெருக்கும், ஆசை ஏற்கும் இடத்தை அகலமாக்கும். அன்பின் நிறைவும் கடைசிப் பேறும் ஒரே பாடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

பாட வரிசைக்கு வருகிறோம். இறையியல் தொகையின் இரண்டாம் பகுதி, முதற்பாதி, வினா 1 முதல் 5 வரை எடுத்துக்கொள்ளுங்கள். வினாவுக்கு 8 கூறு, மொத்தம் 40. நேரம் குறைவென்றால் முதல் வினாவை விரைவாகக் கடக்கலாம், ஆனால் 6-ஆம் கூறை விடாதீர்கள். வழிநடப்பவர் ஒவ்வோர் அடியிலும் சேருமிடத்தை நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று தோமா அங்கே சொல்கிறார். எந்நேரமும் இறைவனை நினைக்க முடியவில்லையே என்று கலங்கும் பயிற்சியாளருக்கு இந்த ஒரு வரி போதும்.

இரண்டாம் வினாவில் நிதானியுங்கள். மனிதனின் பேறு எதில் இருக்கிறது என்பதே அங்கே கேள்வி. செல்வம், மதிப்பு, புகழ், அதிகாரம், உடல்நலம், இன்பம், ஆன்மாவின் நன்மை, படைக்கப்பட்ட வேறெந்த நன்மையும் என்று எட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்க்கிறார். ‘உலகப் பொருள் அழியும்’ என்று ஒரே வரியில் எட்டையும் சுருக்கிவிடுவது பெரும்பிழை, ஏனெனில் காரணங்கள் வெவ்வேறு. செல்வம் எப்போதும் வேறொன்றுக்காகத் தேடப்படுவது. மதிப்பு மதிக்கப்படுபவரிடம் இல்லை, மதிப்பவரிடம் இருக்கிறது. மனிதர் தரும் புகழ் பொய்யாகவும் இருக்கலாம். அதிகாரம் நன்மைக்கும் தீமைக்கும் ஒருபோல உதவும். கடைசிக் காரணம்தான் அச்சாணி: மனித விருப்பம் நாடுவது எல்லையற்ற நன்மை, படைப்பில் உள்ள எதுவும் எல்லைக்குட்பட்டது.

ஐந்தாம் வினாவின் 5-ஆம் கூறில் மாணவர் கட்டாயம் மறிப்பார். இந்தக் கதியை இயற்கை ஆற்றலால் எட்ட முடியாதென்றால் இயற்கை நம்மைக் கைவிட்டதா? நண்பர் வழியாக நம்மால் முடிவது ஒருவகையில் நம்மாலேயே முடிவதுதான் என்று அரிஸ்டாட்டிலை எடுத்துக்காட்டித் தோமா விடை சொல்கிறார். அருளைப் பற்றிய பாடத்தை இங்கிருந்து தொடங்கினால், அது மேலிருந்து போடும் பிச்சையாக ஒலிக்காது.

இதற்குப் பிறகுதான் இரண்டாம் பகுதி, இரண்டாம் பாதி, வினா 184. நிறைவு அன்பில் இருக்கிறது (கூறு 1). அதற்கு மூன்று அளவுகள் (கூறு 2): இறைவன் அன்பு செய்யத் தக்க அளவுக்கு அன்பு செய்வது, அது இறைவனுக்கே ஆகும். எப்போதும் முழு ஆற்றலோடு அவரை நாடியிருப்பது, அது விண்ணகத்தில். அன்பைத் தடுப்பவற்றை நீக்குவது, இது இம்மையிலேயே முடியும். இம்மூன்றையும் கலந்து சொல்லும் இடத்தில்தான் பாடம் கெடுகிறது. பிரான்சின் வியன் நகரில் 1311-12-இல் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் கண்டித்த எட்டுப் பிழைகளில் முதலாவது, இம்மையிலேயே பாவம் செய்ய முடியாத நிறைவை மனிதர் அடையலாம் என்பது. நான்காவது, கடைசிப் பேற்றை இங்கேயே முழுதாக அடையலாம் என்பது. இரண்டாம் அளவை மூன்றாவதின் இடத்தில் வைத்ததால் விளைந்தவை அவை.

12-ஆம் நூற்றாண்டுத் துறவி கிளேர்வோ பெர்னார்து சொன்ன அன்பின் நான்காம் படியையும், அதாவது இறைவனுக்காக மட்டுமே தன்னை அன்பு செய்யும் நிலையையும், இங்கே கவனமாகக் கையாளுங்கள். திராட்சை இரசத்தில் விழுந்த நீர்த்துளி என்ற அவருடைய உவமையைக் கேட்டதும் நம் ஊர் மாணவர் அத்துவிதக் கலப்பாகப் புரிந்துகொள்வர். பொருளின் இயல்பு நிலைத்திருக்கும், வடிவம்தான் மாறும் என்று அவரே சேர்த்துச் சொல்கிறார். அந்த வரியை விட்டுவிட்டு உவமையை மட்டும் சொல்லாதீர்கள்.

மோட்சப் பாடத்தில் ஒரு வரலாறு கட்டாயம் வர வேண்டும். 1331-இல் அனைத்துப் புனிதர் விழாவன்று, தூயோரின் ஆன்மாக்கள் உலக முடிவில் வரும் பொதுத்தீர்வைக்கு முன் இறைவனின் உள்ளியல்பைக் காணா என்று திருத்தந்தை 22-ஆம் யோவான், அப்போது திருத்தந்தையர் தங்கியிருந்த பிரெஞ்சு நகரான அவிஞ்ஞோனில் மறையுரை ஆற்றினார். பாரீசு இறையியலார் எதிர்த்தனர். அதுவரை இக்கேள்விக்கு வரையறுக்கப்பட்ட கோட்பாடு இருக்கவில்லை. 1334 டிசம்பரில் இறப்பதற்கு முன்தினம் யோவான் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின் வந்த திருத்தந்தை 12-ஆம் பெனடிக்ட் 1336 சனவரி 29 அன்று, முற்றும் தூய்மையான ஆன்மாக்கள் உடல் உயிர்ப்புக்கு முன்பே நேருக்கு நேர் காண்கின்றன என்று வரையறுத்தார். அப்படியானால் உயிர்ப்பு எதற்கு என்று மாணவர் கேட்பர். உயிர்ப்புக்குப் பின் பேரின்பம் ஆழத்திலும் கூடும் என்று இளமையில் எழுதிய தோமா, பின்னர் பரப்பில்தான் கூடும், ஆன்மாவின் பேறு உடலுக்கும் பரவும் என்று திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசியாக, துறவியர் இறைவனுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகளான வார்த்தைப்பாடுகள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் மூன்றும் நிறைவுக்குக் கருவிகள், நிறைவின் சாரம் அன்புக் கட்டளைகளிலேயே உள்ளது (வினா 184, கூறு 3). மருத்துவர் மருந்துக்குத்தான் அளவு வைப்பார், உடல்நலத்துக்கு வைக்கமாட்டார் என்கிறார் தோமா. ‘நிறைவின் நிலை’ என்பது நிலையான கடப்பாட்டால் தன்னைக் கட்டிக்கொண்ட நிலை. ஆயரும் துறவியரும் அதில் இருக்கிறார்கள், பங்குத்தந்தை அந்தப் பொறுப்பால் மட்டும் அதில் இல்லை. ஆகவே தேர்வுத்தாளில் ‘நிறைவின் நிலையில் உள்ளோர் யார்?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘அந்த நிலையில் இல்லாமலே நிறைவுள்ளவராக இருக்க முடியுமா?’ என்றும் கேளுங்கள். இயேசுவின் உவமையில் போகிறேன் என்று சொல்லிப் போகாத மகனையும், மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன மகனையும் வைத்து 4-ஆம் கூறு அதற்கு விடை தருகிறது.