பெற்றோர் கவனித்தால் போதுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையில், பீடைகொல்லிக் கட்டுப்பாடுகள் விவசாயிக்கு வீண் சுமை என்றும், வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் ஒரு வசனம் இருந்தது. கட்டுரையாளர் எந்த ஊரில் பிள்ளை வளர்த்தார் என்பதை நான் அறியேன். தம்பலகாமத்து வயலோரத்தில் வளர்த்திருந்தால் அந்த வசனத்தை எழுத அவருக்குக் கை வந்திருக்காது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்துவிட்டது என்று ஒருவர் மருந்தடிக்கத் தொடங்கினால் அடுத்தடுத்த வயற்காரரும் அடிக்கிறார்கள். காற்று வீட்டுப் பக்கம் திரும்பும்போது கதவைச் சாத்தலாம், மூச்சைச் சாத்த முடியுமா? தெளிகருவியைக் கழுவும் அதே வாய்க்காலில்தான் சற்றுக் கீழே சிறுவர் குளிக்கிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். சேவைக் காலத்தின் பெரும்பகுதியை வைத்தியசாலைச் சிறுவர் விடுதிகளில் கழித்தவள் என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்குச் சற்று உண்டு என்று நம்புகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூதூர்ப் பக்கமிருந்து நான்கு வயதுப் பிள்ளையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த பூச்சிமருந்தைத் தாகத்திற்குக் குடித்திருந்தது. கண் பாவை ஊசித்துளை அளவுக்குச் சுருங்கி, வாயிலும் மூக்கிலும் நீர் வடிய, மூச்சில் வெள்ளைப்பூண்டை ஒத்த ஒரு வாடை வீசியது. நெஞ்சிலுள்ள சளி வற்றும் வரை அற்றோப்பின் என்ற நச்சுமுறி மருந்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஏறியதும் பிள்ளையின் முகம் சிவந்து, உடம்பு அனலாய்ச் சுட, இல்லாத எதையோ பிடிக்கப் போவதாகக் கைகளை அலைத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பிள்ளையின் தாய் கவனமற்றவள் அல்லள். அன்றும் கூலிக்கு வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். சோடாப் போத்தலில் அந்த மருந்தை அளந்து ஊற்றி விற்ற கடைக்காரரை எவரும் எதுவும் கேட்கவில்லை.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகுதான், எது இறக்குமதியாகலாம், யார் விற்கலாம் என்று கேட்பதற்கு ஒரு பதிவாளராவது இருந்தார். 1984இல் பரத்தியோன் என்ற பூச்சிமருந்து தடையாயிற்று. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகிய பூச்சிமருந்துகளின் வரவு நின்றது. 1998இல் எண்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரை பரக்குவாட் என்ற களைநாசினி படிப்படியாக நிறுத்தப்பட்டது. இந்த நஞ்சுகளைக் குடித்துப் பலர் உயிர்மாய்த்த இந்நாட்டில், 1995இற்குப் பின்வந்த பத்தாண்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று என்பதைத் தங்கள் பத்திரிகையே பலமுறை எழுதியிருக்கிறது; ஆகவே தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அத்தடைகளால் நெல் விளைச்சல் விழவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் கையெட்டும் தூரத்திலிருந்து அகன்ற அதே போத்தல்கள்தாம் சிறுவர் கையெட்டும் தூரத்திலிருந்தும் அகன்றன. விடுதியில் வேலை செய்த எங்களுக்கு அந்த வித்தியாசம் கட்டில்களில் தெரிந்தது.

மொனோகுரோட்டோபொஸ் தடைசெய்யப்படாமலிருந்த அயல்நாட்டில் என்ன நடந்தது என்பதையும் ஆசிரியர் அறிவார். 2013 யூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பாடசாலையொன்றில், அந்த நஞ்சு கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பிய அந்தப் பெற்றோர் இன்னும் எவ்வாறு கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று தங்கள் கட்டுரையாளர் அடுத்த இதழில் விளக்கினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

உடனே இறக்காத பிள்ளைகளைப் பற்றி அக்கட்டுரையில் ஓர் எழுத்தும் இல்லை. நிறைக்கு ஏற்பப் பார்த்தால், பெரியவரை விடச் சிறுபிள்ளையே கூடுதலாக மூச்சிழுக்கிறது, கூடுதலாக உண்கிறது. தரையில் தவழ்ந்த கையை வாயில் வைக்கிறது. அதன் மூளையோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதனால்தான் 1996இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், உணவில் தங்கும் மருந்தின் அளவை நிர்ணயிக்கையில் சிறுவருக்கெனப் பத்து மடங்கு கூடுதல் பாதுகாப்பு எல்லையை வைக்கச் சொன்னது. நாம் அவ்வளவுக்குப் போக வேண்டாம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயத்திலும் எங்கள் வீட்டுக் கத்தரி, பயிற்றையிலும் கடைசியாக மருந்தடித்த பின் எத்தனை நாள் காத்திருந்து பிடுங்கினார்கள் என்று கேட்பதற்கு ஒரு ஆளாவது சந்தைக்கு வந்தால் போதும். நான் ஒருமுறை இதை உரிய அலுவலகமொன்றில் கேட்டபோது, முறைப்பாட்டை எழுத்தில் தரும்படி சொன்னார்கள். எழுத்தில் தந்தேன். சிங்களத்தில் மட்டும் அச்சிடப்பட்ட படிவமொன்று தபாலில் வந்தது.

2021இல் ஒரே அறிவித்தலில் இரசாயன உரத்தையும் பீடைகொல்லியையும் நிறுத்தி, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கிய கூத்தைக் காட்டி, கட்டுப்பாடு என்றாலே இதுதான் என்று இப்போது பேசுகிறார்கள். ஒவ்வொரு மருந்தாக ஆராய்ந்து, கொடியதை விலக்கி, மாற்றைக் காட்டிச் செய்த முந்திய வேலைக்கும் அந்த அவசரத்திற்கும் என்ன சம்பந்தம்? அன்று அந்த அறிவித்தலை முழுப்பக்கத்தில் வாழ்த்தியதும் தங்கள் விவசாயப் பக்கந்தான் என்பதை மரியாதையுடன் குறிப்பிடுகிறேன். அதுபற்றி நான் அப்போது எழுதிய கடிதம் வெளியாகவில்லை. இடப்பற்றாக்குறை என்று எண்ணிக்கொண்டேன்.

என் வேண்டுகோள் சிறியது. தங்கள் பக்கத்தில் "இந்த நோய்க்கு இந்த மருந்து" என்று பரிந்துரைக்கும்போதெல்லாம், அதன் அறுவடைக்கு முந்திய காத்திருப்புக் காலத்தையும், அடித்த வயலுக்குள் எவ்வளவு நேரம் எவரும் இறங்கக் கூடாது என்பதையும், விழுங்கிவிட்டால் உடனே அழைக்க வேண்டிய கொழும்பு தேசிய வைத்தியசாலை நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கத்தையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் போகாது. இம்முறையும் இடம் போதாவிட்டால், அப்பக்கத்தின் கீழ்ப்பாதியில் வரும் களைநாசினி விளம்பரத்தைச் சற்றுச் சுருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
தம்பலகாமம், திருகோணமலை.