செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மறதி நோய் (டிமென்ஷியா) வந்த பெரியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் திருவொற்றியூர் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. செப்டம்பர் 21 அல்சைமர் தினத்தன்று கோயில் தெருவில் துண்டறிக்கை கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் நம்மை அதிகம் அலைக்கழித்தவை வெயிலும் புகையும்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மே மாதம், கத்திரி வெயில் தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே பேச்சு: “திடீர்னு ரொம்ப மோசமாயிட்டாங்க.” பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் கத்தல். நோய் முற்றிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். என் அம்மா ஒரு நாள் நண்பகலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு கொதித்தது, நாக்கு வறண்டு வெடித்திருந்தது. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை. மருத்துவமனையில் இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பில் தண்ணீர் வற்றியதைத்தான் நோய் முற்றியதாக நினைத்திருக்கிறேன்.

ஜூன் கூட்டத்துக்கு வந்த மருத்துவர் இதை விளக்கினார். வயதானால் தாகம் மங்கிவிடும். இந்த நோயில், தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது. எதிரே இருப்பது தண்ணீர் என்பதும் சில சமயம் புரியாது. மனக் கொந்தளிப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூட்டைச் சமாளிக்க விடாது. நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஆனால் நாமாக எதையும் நிறுத்தக் கூடாது, கோடைக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டிக் கேட்க வேண்டும் என்றார்.

அப்புறம் நாங்களே கண்டுபிடித்த ஒன்று. அம்மாவிடம் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். பழைய செம்பில் ஊற்றிக் கையில் கொடுத்ததும் தலையை அண்ணாந்து மடமடவென்று குடித்தார். அறுபது வருடப் பழக்கம் கையில் அப்படியே இருக்கிறது. இதைக் கேட்ட பிறகு நிறையப் பேர் வீட்டில் பரணிலிருந்த செம்பு கீழே இறங்கியது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உதவி அதற்கு முன்பே, மதியம் இரண்டு மணிக்கே வேண்டியிருக்கிறது.

புகை விஷயத்துக்கு வருகிறேன். டிமென்ஷியா வருவதற்குக் காரணமாகக்கூடிய, தவிர்க்க முடிந்த 14 விஷயங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் பட்டியலிட்டது. காற்று மாசும் அதில் ஒன்று. பி.எம். 2.5 என்ற நுண்துகள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கிறது, மூளையின் ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 40. அனல் மின் நிலையமும் துறைமுக லாரிகளும் சூழ்ந்த நம் பகுதிக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் இல்லை.

ஜனவரி 13, போகி. விடிகாலை நாலு மணிக்கு மேளச் சத்தம், டயர் எரியும் புகை. நம் உறுப்பினர் அக்கா ஒருவரின் மாமியார், வீடு தீப்பிடித்துவிட்டது என்று பதறி, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறார். அதன்பின் ஒரு வாரம் இருமல், தூக்கமே இல்லை. “எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?” என்று அக்காவை இன்னும் கேட்கிறாராம்.

ஜன்னல் விஷயம்தான் இன்னும் தீரவில்லை. மூடினால் புழுக்கம், திறந்தால் தூசி. கடற்காற்று வருகிற பக்கம்தான் எண்ணூர் விரைவுச் சாலையும் இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் நின்றபடியே புகை கக்குகின்றன. நனைத்த வேட்டியைத் திரையாகக் கட்டிப் பார்த்தோம். அறை குளிர்ந்தது, பெரிய தூசி நின்றது. நுண்துகள் அதற்கெல்லாம் நிற்காது. லாரிகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துத் திறப்பது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

கத்திரி வெயில் தொடங்கும் மே 4-க்கு இன்னும் ஒரு வாரம்தான். தெருவுக்கு இரண்டு பேர் காலை 11 மணிக்கும் மதியம் 3 மணிக்கும், தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொடுத்து, குடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு தெருக்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. மீதித் தெருக்களுக்கு இன்றைய கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுங்கள். நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
27.4.2025