வானம் வெளித்த பிறகு வரும் வெள்ளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி நெருங்கினால் டோர்ச், மெழுகுதிரி, பிஸ்கட் என்று ஒரே பட்டியலைத்தான் எல்லாரும் போடுகிறார்கள். பிழை என்று சொல்லவில்லை. ஆனால் வெருகல், ஈச்சிலம்பற்று, சேருவில, மூதூர், கிண்ணியாப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது பாதி ஆயத்தம்தான். எங்கள் முற்றத்தில் பெய்யும் மழையைவிட, கண்டி, மாத்தளைப் பக்கம் பெய்யும் மழைதான் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. மகாவலியும் அதன் கிளையான வெருகலாறும் கடலைச் சேருவது எங்கள் ஊர்கள் வழியாகத்தானே! மழை விட்டு வெயிலும் எறித்துவிட்டால் "இனி என்ன" என்று சனம் இருந்துவிடுகிறது. ஆற்று வெள்ளம் வருவது அதற்குப் பிறகு. 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயலோடு மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது பட்ட பாடு இங்கே யாருக்கும் மறந்திருக்காது.

ஆகவே முதல் வேலை, போன வெள்ளம் வீட்டுச் சுவரில் எதுவரை நின்றதோ அங்கே பெயின்டால் ஒரு கோடு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், விதைநெல் எதுவும் மாரி முடியும்வரை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கக்கூடாது. அடுத்த வெள்ளம் அதையும் தாண்டலாம் என்பதால், பத்திரங்களைப் படமெடுத்து வெளியூரிலோ வெளிநாட்டிலோ உள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். கனடாவில் இருக்கும் மச்சானுக்குக் கல்யாணப் படம் அனுப்பத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

கிளினிக் கொப்பியையும் பிரஷர், சீனி மருந்துகளையும் தனிப் பையில் போட்டு, அதை யார் தூக்குவது என்று இப்போதே பேசி வையுங்கள். நடக்க முடியாத அம்மம்மாவை யார், எந்த வாகனத்தில் கூட்டிப்போவது என்பதும் அப்படித்தான். தண்ணீர் படலைக்கு வந்த பிறகு முச்சக்கர வண்டி தேடிப் பயனில்லை. தண்ணீர் உள்ளே வருமுன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும், கேஸ் சிலிண்டரைப் பூட்ட வேண்டும். ஆடு மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை என்றால் அவிழ்த்தாவது விடுங்கள். கட்டிய கயிற்றோடு சாகவிடுவது பெரும் பாவம்.

திரும்பி வந்தவுடன் கிணற்றை இறைக்க அவசரப்படுகிறோம். சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும்போது ஒரேயடியாக இறைத்தால் கிணற்றுக்கட்டு இடிந்து விழலாம். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்தில் கலந்திருக்கும். சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டுச் சரி என்று சொல்லும்வரை அந்தத் தண்ணீர் குடிக்க வேண்டாம். சேற்றில் இறங்கி வேலை செய்பவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தையும் அவரிடமே கேட்கலாம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். "மகாவலியின் தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்ற அறிவித்தலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அதை வைத்து ஒரு வீட்டுக்காரர் எப்போது சாமான் கட்டுவது? எங்களுக்கு மேலே, பொலன்னறுவை மாவட்டத்தில் உள்ள மனம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கிறது. மாரி காலத்தில் அந்த அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்றும், மேலே எந்த நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறந்திருக்கிறது என்றும் உங்கள் பத்திரிகையிலும் இணையப் பக்கத்திலும் தினமும் தமிழில் போடுங்கள். அந்த மட்டம் எவ்வளவுக்கு வந்தால் எந்த ஊர் எழும்ப வேண்டும் என்பதை மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடம் கேட்டு, கார்த்திகை பிறக்குமுன்னே ஒருமுறை வெளியிட்டால் இன்னும் நல்லது. அவசரத்துக்கு 117 என்ற இலக்கத்தையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈச்சிலம்பற்று, திருகோணமலை.