கானா செல்லும் பதினோராம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு

அன்புடையீர், வணக்கம்.

கானாவின் கேப் கோஸ்ட் நகரில் ஆறு வாரம் தங்கிப் படிக்க உங்கள் பிள்ளை தேர்வாகியிருக்கிறார். அங்கே விடுதி கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தோடு, அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்கப்போகிறார்கள். அங்கே வரும் சிக்கல்கள் பலவும் இங்கே செய்யாமல் விட்ட வேலையால் வருபவை. அதனால் வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதற்கான சான்றிதழைக் கானாவுக்குள் நுழையும்போதே கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் நாடு இன்னும் கறார். இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மிடம் நிறைய உண்டு, நோய்தான் இங்கே இல்லை. அதனால் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்குபவரை 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள்; சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவு வேண்டும், கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். தட்டம்மை, சின்னம்மை ஊசி பாக்கியிருந்தால் அதே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் 4 வாரம் இடைவெளி விட வேண்டும். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று மையத்தை விட்டு வெளியே வருமுன் பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை மலேரியாவைப் பற்றித்தான். கானாவில் பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபாரம் வகை. சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயினை அங்கே நம்ப முடியாது. எந்தத் தடுப்பு மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் தினம் ஒன்று: புறப்படுவதற்கு முன் 2 நாள், அங்கே 42 நாள், வந்த பின் 7 நாள், மொத்தம் 51. டாக்சிசைக்ளின் என்றால் வந்த பின் 28 நாள்; மொத்தம் 72. டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் எளிதில் கன்றும். வீடு வந்து சேர்ந்ததும் மாத்திரையை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. ஈரலில் தங்கிய கிருமி பிறகும் ரத்தத்துக்கு வரும். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கானா போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உணவுப் படிவத்தில் "எதையும் சாப்பிடுவான்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். சைவப் பிள்ளை என்றால் "இறைச்சி வேண்டாம்" என்பதும் போதாது. மீன், கருவாடு, இறால் பொடி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஷிட்டோ என்னும் கறுப்பு மிளகாய்த் தொக்கில் உலர்ந்த மீனும் இறாலும் இருக்கும். 'ரெட் ரெட்' என்பது பாமாயிலில் செய்த காராமணிக் குழம்பு. அதிலும் புகையில் வாட்டிய மீன் சேர்ப்பதுண்டு. காராமணியும் சோறும் சேர்ந்த வாச்சே நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் மேலே வைக்கும் 'வெலே' மாட்டுத்தோல். முன்பே தெரிந்தால் அந்த வீட்டு அம்மா தனியாக எடுத்துவைப்பார். மரவள்ளியும் வாழைக்காயும் இடித்துச் செய்யும் ஃபூஃபூவை மெல்லாமல் விழுங்குவார்கள். களி தின்று பழகிய பிள்ளைக்கு அது சிரமமே இல்லை.

வலது கையால் கொடுப்பதும் வாங்குவதும் அங்கேயும் மரியாதை. காலையில் எழுந்ததும் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் நகர்வது பெரிய குறையாகப் படும். ஞாயிறு தேவாலயத்துக்கும், சனிக்கிழமை சாவு வீட்டுக்கும் கூட அழைத்துப் போவார்கள். சாவு வீடு என்றதும் பதறாதீர்கள். அங்கே அது உறவும் ஊரும் கூடும் பெரிய நிகழ்வு. கூட அழைத்துப் போவது பிள்ளையைத் தங்களவராக எண்ணுவதற்கு அடையாளம். கறுப்பு உடை ஒன்று பெட்டியில் இருக்கட்டும். பிள்ளை பிறந்த கிழமையையும் சொல்லி அனுப்புங்கள்; அதை வைத்துத்தான் பெயர் சூட்டுவார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி, சனிக்கிழமை பிறந்த பெண் அமா.

அங்குள்ள அரசுப் பள்ளிகளில் மாணவிகள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார்கள். நம் மாணவிகள் பின்னலோடு வர அந்தப் பள்ளியிடம் எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் தெரிவிக்கிறேன்.

வாரம் இருமுறை பேசினால் போதும். கானா நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால். அங்கே மாலை 4 என்றால் இங்கே இரவு 9.30. தினமும் அழைத்தால் பிள்ளை அறைக்குள்ளேயே கிடப்பான், வீட்டார் தங்களைப் பிடிக்கவில்லையோ என்று வருந்துவார்கள். முதல் பத்து நாளில் அழுது அழைத்தால் காது கொடுத்துக் கேளுங்கள், ஆனால் திரும்பி வரச் சொல்லாதீர்கள். பாதுகாப்பு பற்றிய புகார் என்றால் மட்டும் எந்த நேரமானாலும் என்னை எழுப்புங்கள்.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம், தடுப்பூசிச் சான்றின் நகல், உணவுப் படிவம் மூன்றையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். சம்மதக் கடிதம் இல்லாமல் விசா விண்ணப்பத்தை அனுப்ப முடியாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்