ஷா நஜாஃப் சுவருக்கு எதிரே நின்ற கறுப்பின மாலுமி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 1857 லக்னோ போர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேகம் ஹஸ்ரத் மஹாலைப் பற்றியும் சிக்கந்தர் பாக் சண்டையைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கிளர்ச்சிச் சிப்பாய்கள் பிடித்து வைத்திருந்த ஷா நஜாஃப் சமாதியை வெள்ளைக்காரப் பீரங்கிப் படை தாக்கியது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அங்கே ஒரு பீரங்கியைக் கடைசிவரை இயக்கியவர் வெள்ளைக்காரர் இல்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர். பெயர் வில்லியம் ஹால்.

வங்கி வேலையில் மாற்றலாகி நான்கு வருடம் லக்னோவில் இருந்தேன். ஷா நஜாஃப் கோமதி நதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் நாட்டின் நவாப் காஜியுதீன் ஹைதரின் சமாதி அது. வெள்ளைக் குவிமாடம், கெட்டியான மதில். மாலை நடைக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், இந்தச் சுவருக்கு எதிரே ஒரு மனிதன் எப்படி நின்றிருப்பான் என்று யோசித்திருக்கிறேன்.

ஹால் பிறந்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஹார்ட்டன் என்ற ஊரில், 1827 வாக்கில். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் 1812இல் மூண்ட போரையொட்டி அங்கே வந்து சேர்ந்த குடும்பம். இளம் வயதிலேயே சரக்குக் கப்பலில் ஏறிவிட்டார். கொஞ்ச காலம் அமெரிக்கக் கடற்படை, 1852இல் பிரிட்டிஷ் கடற்படை. கிரிமியப் போரில் இன்கர்மன், செவாஸ்தபோல் சண்டைகளைப் பார்த்தவர். அப்புறம் ஷானன் என்ற போர்க்கப்பலில் சேர்ந்தார். சீனாவுக்குப் போன அந்தக் கப்பலை, இங்கே கிளர்ச்சி வெடித்ததும் கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார்கள். கேப்டன் வில்லியம் பீல் தன் மாலுமிகளையும் கப்பலின் கனத்த பீரங்கிகளையும் ஆற்று வழியாக அலகாபாத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தரைவழியாக இழுத்துக்கொண்டு லக்னோவுக்கு வந்தார்.

1857 நவம்பர் 16. பீரங்கி ஒன்றில் ஆள் குறைந்தபோது ஹால் தானாக முன்வந்து அந்த இடத்தில் நின்றார். சுவருக்கு மிக அருகில், உள்ளே இருந்தவர்களின் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே அந்தப் பீரங்கி. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் ஹால், இன்னொருவர் படுகாயம் பட்ட லெப்டினன்ட் தாமஸ் யங். அந்தக் காலத்துப் பீரங்கியில் குழாயைத் துடைத்து, மருந்தும் குண்டும் இட்டு, கோலால் இடித்து, சுட்ட பிறகு பின்னுக்கு உதைத்த வண்டியைத் திரும்பவும் முன்னே தள்ளவேண்டும். ஆறேழு பேர் சேர்ந்து செய்யும் வேலையை இவர்கள் இரண்டு பேராகச் செய்துகொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தபின் ஷா நஜாஃப் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

அதே நாள், அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சிக்கந்தர் பாக் என்ற மதில் சூழ்ந்த தோட்டத்தில் ஏறக்குறைய 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அங்கேதான் பாசி சமூகத்தைச் சேர்ந்த ஊதா தேவி அரச மரத்தில் ஏறி நின்று ஆங்கிலேயரைச் சுட்டுவிட்டு உயிர் விட்டார் என்று அவத் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஒரே நாளில், ஒரே ஊரில், சாதியால் மிதிபட்ட சமூகத்துப் பெண் ஒரு பக்கம். நிறத்தால் மிதிபட்டவர்களின் மகன் எதிர்ப்பக்கம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். இவர்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தியது யார் என்று கேட்காமல் 1857ஐப் படித்து என்ன பயன்?

ஹாலை நம் வீரராகக் கொண்டாடச் சொல்லவில்லை. சுவருக்கு உள்ளே இருந்து செத்தவர்கள் நம்மவர்கள். அவர் சுட்ட குண்டு அவர்கள்மேல்தான் விழுந்தது. ஆனாலும் அந்த மனிதரின் பிற்கால வாழ்வைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது.

அந்த நவம்பர் 16இல் காட்டிய தீரத்துக்காக 24 பேருக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஹாலும் ஒருவர். அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1859 அக்டோபரில் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் வைத்து அதை அவருக்கு அணிவித்தார்கள். (ஆங்கிலேயர் பக்கம் நின்று சண்டையிட்ட பஞ்சாப் சிப்பாய்களுக்கு அந்தப் பதக்கம் கிடையாது. இந்தியச் சிப்பாய்களுக்கும் அது உண்டு என்று விதி மாறியது 1911இல்தான்.)

1876இல் பெட்டி ஆபீசராக (கடற்படையில் மாலுமிகளுக்கு மேலே உள்ள கீழ்நிலைப் பதவி) ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பினார். ஏவன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஏவன்போர்ட்டில் ஒரு சின்னப் பண்ணை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சகோதரிகள் இருவரோடு வாழ்ந்தார். உலகிலேயே மிக அதிகமாக ஏறி இறங்கும் கடல் அந்தப் பகுதிக் கடல். கப்பலிலேயே வாழ்நாளைக் கழித்தவர் கடைசிக் காலத்தில் தினமும் அந்த ஏற்றவற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். 1901இல் இங்கிலாந்து இளவரசர் ஹாலிஃபாக்ஸ் வந்தபோது, கூட்டத்தில் ஹாலின் நெஞ்சில் இருந்த பதக்கத்தைப் பார்த்து நின்று பேசினாராம். அந்த இளவரசர்தான் பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர். 1911இல் விதியை மாற்றியதும் அவர் ஆட்சியில்தான்.

மூன்று வருடம் கழித்து, 1904 ஆகஸ்டில் ஹால் இறந்தார். ராணுவ மரியாதை இல்லை. கல்லறைக்கு மேல் பேர் சொல்ல ஒரு கல்லும் இல்லை. நாலு கடலில் தன் உயிரைப் பணயம் வைத்து உழைத்த மனிதர், 41 வருடம் அடையாளமே இல்லாத மண்ணில் கிடந்தார். 1945இல்தான் உடலை எடுத்து ஹான்ட்ஸ்போர்ட் பாப்டிஸ்ட் தேவாலய வளாகத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். 1947இல் நினைவுக்கல் வைத்தார்கள். 2010இல் கனடா தபால்தலை வெளியிட்டது. இப்போது அந்நாட்டுக் கடற்படையின் ரோந்துக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர்.

இதே லக்னோ போரில் செத்த இன்னொருவரையும் நாம் மறக்கக் கூடாது. மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்று நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளையர் படையின் தளபதி ஜேம்ஸ் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் பிடிபட்டவர்களைக் கொடுமைப்படுத்தித் தூக்கில் போட்டவர். 1857 செப்டம்பரில் லக்னோவில் குண்டு பட்டு இறந்தார். நான்கே வருடத்தில், 1861இல், மதராஸ் மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை எழும்பிவிட்டது. 1927இல் நம் இளைஞர்கள் சுத்தியும் கோடரியுமாகப் போய் அதை உடைக்க முயன்று சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அரசு வந்த பிறகுதான் அது சாலையிலிருந்து அகன்று அருங்காட்சியகத்துக்குப் போனது.

தூக்குமரம் நட்டவருக்கு நான்கு வருடத்தில் சிலை. அதே அரசுக்காகப் பீரங்கி தள்ளிய கறுப்பு மாலுமிக்குக் கல்லறைக் கல் கிடைக்க நாற்பது வருடத்துக்கு மேல். அந்தப் படையை மொத்தமாக ‘வெள்ளைக்காரப் படை’ என்று எழுதும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

ஆசிரியர் ஐயா, ஒரு வேண்டுகோள். கட்டுரையின் அடுத்த பகுதியில் ஷா நஜாஃப் மறுபடி வந்தால் ஹாலின் பெயரைச் சேருங்கள். ஊதா தேவியின் பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள். லக்னோவில் சிக்கந்தர் பாக் வாசலில் ஊதா தேவிக்குச் சிலை இருக்கிறது. அதன் படம் உங்களிடம் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் எடுத்தது ஒன்று இருக்கிறது. அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்