தொட்டவுடன் கேட்க வேண்டும்: ஆண்ட்ராய்டு ஃபோன் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்ட்ராய்டு ஃபோன் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு, அதிலும் குறிப்பாகப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் விலையில் ஃபோன் விற்பவர்களுக்கு,

வணக்கம். கேமராவில் எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச், அரை மணி நேரத்தில் எவ்வளவு சார்ஜ் ஏறும், திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்று எல்லாவற்றையும் பெட்டி மேலேயே அச்சடிக்கிறீர்கள். எங்களுக்கு வேண்டிய ஒரு எண் மட்டும் எங்கேயும் இருப்பதில்லை. விரல் திரையில் பட்டதிலிருந்து ஒலி வெளியே வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்ற எண் அது. அதை வெளியே சொல்லுங்கள், சொன்ன பிறகு அதைக் குறையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஃபோனிலும் டேப்லெட்டிலும் பாட்டு செய்கிறவர்கள். கம்ப்யூட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ், மானிட்டர் ஸ்பீக்கர் என்று வாங்க வசதி இல்லாததால் ஃபோனில் ஆரம்பித்தவர்கள் எங்களில் அதிகம். வசதி வந்த பிறகும், பஸ்ஸில் போகும்போது தோன்றுகிற தாளத்தை அங்கேயே பிடித்து வைக்க இதுதான் தோது என்று ஃபோனிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. சிலர் கோயலா சாம்ப்ளர் என்ற செயலியில் பாத்திரம் விழுகிற சத்தத்தைப் பதிவு செய்து, அதை வெட்டிப் பேடுகளில், அதாவது திரையில் தட்டுகிற கட்டங்களில் போட்டு, அதிலிருந்தே ஒரு முழு பீட்டை எடுப்பார்கள். எஃப்எல் ஸ்டுடியோ மொபைலில் பேஸ் லைன் எழுதுவார்கள். பேண்ட்லேபில் வேறு ஊரில் இருக்கிற நண்பனோடு ஒரே ட்ராக்கில் வேலை செய்வார்கள். பழைய ஃபோன் என்றால் சன்வாக்ஸ் போதும், எவ்வளவு மெதுவான ஃபோனிலும் அது எப்படியோ ஓடிவிடும்.

இது பிள்ளைகள் பொழுதுபோக்குகிற விஷயம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைத்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கோரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் இசைக் குழு 2010-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோதே ஒரு ஆல்பத்தின் பெரும்பகுதியை ஐபேடில் செய்து, அந்த வருடக் கடைசியிலேயே வெளியிட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் ஸ்டீவ் லேசி ஐஃபோனில் இருக்கிற கராஜ்பேண்ட் செயலியில் கிட்டாரும் பாட்டும் பதிவு செய்துதான் தன் ஆரம்ப கால இசையைச் செய்தார், ராப் பாடகர் கென்ட்ரிக் லாமரின் ஆல்பம் வரை அந்த வேலை அவரைக் கொண்டுபோனது. நம் பக்கத்திலேயே மகேஷ் ராகவன் ஐபேடில் ஜியோஷ்ரெட் செயலியை வைத்துக் கமகங்களோடு கர்நாடக இசை வாசிக்கிறார், விரலை இழுக்க இழுக்க ஸ்வரம் கூடவே போகிறது.

கவனித்தீர்களா, மூன்றுமே ஆப்பிள் கருவி. நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு, ஆனால் ஃபோனில் செய்த இசை என்று யாராவது உதாரணம் காட்டினால் அது எப்போதும் அந்தப் பக்கத்து உதாரணமாகவே இருக்கிறது. செயலிகளும் அப்படித்தான். ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் கியூபேஸிஸ் என்ற இசைச் செயலி 2012-ல் ஐபேடுக்கு வந்தது, ஆண்ட்ராய்டுக்கு வர 2020 ஆனது. கோர்க் கேட்ஜெட் 2014-ல் ஐபேடுக்கு வந்தது, ஆண்ட்ராய்டுக்கு வரவே இல்லை. ஏபிள்டன் 2022-ல் நோட் என்ற செயலியை வெளியிட்டது, அதுவும் ஆப்பிளுக்கு மட்டும். இதற்கு ஒரே காரணம்தான் என்று நான் சொல்ல மாட்டேன், பணக் கணக்கும் அதில் இருக்கும். ஆனால் செயலி எழுதுகிறவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருகிற காரணம், விரல் படுவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே உள்ள இந்தத் தாமதம்தான். 2009-லேயே ஆண்ட்ராய்டின் குறைப் பட்டியலில் 3434 என்ற எண்ணில் இந்தப் புகார் பதிவானது. அதன் கீழே வருடக்கணக்கில் இசைக்காரர்களும் செயலிக்காரர்களும் வந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

தாமதம் எங்கே சேருகிறது என்று உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேடைத் தட்டுகிறீர்கள். திரை நொடிக்கு 60 முறை விரலைத் தேடுகிறது என்றால் தட்டியதைக் கவனிக்கவே 16 மில்லிசெகண்ட் வரை போகலாம், 120 முறை என்றால் அதில் பாதி. அப்புறம் செயலி அந்த ஒலியைக் கணக்கிட்டு பஃபர் பஃபராக, அதாவது துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒலி நொடிக்கு 48,000 சாம்பிளாக, அதாவது அத்தனை சின்ன அளவீடுகளாகப் போகிறது. ஒரு பஃபரில் 192 சாம்பிள் என்றால் 4 மில்லிசெகண்ட், 960 சாம்பிள் என்றால் 20. இரண்டு மூன்று பஃபர் வரிசையில் நிற்கும் என்பதால் இந்த எண் அங்கேயே இரண்டு மூன்று மடங்காகிவிடும். பிறகு எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலக்கும் சிஸ்டத்தின் மிக்சர், அந்த மிக்சருக்கு ஒரு பஃபர். அதற்கும் கீழே, ஸ்பீக்கர் சத்தத்தை மெருகேற்றுகிறேன் என்று நீங்கள் சேர்த்து அனுப்பும் எஃபெக்ட், அதற்கும் கொஞ்ச நேரம். எல்லாம் சேர்ந்து வெளியே வரும்போது சில ஃபோன்களில் நூறு மில்லிசெகண்டைத் தாண்டிவிடுகிறது.

நூறு மில்லிசெகண்ட் என்றால் கண் சிமிட்டுகிற நேரம்தானே என்று தோன்றும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், ஆகவே நூறு மில்லிசெகண்டில் அது 34 மீட்டர் போய்விடும். உங்கள் ஃபோனில் தாளம் தட்டுகிறவன், 34 மீட்டர் தள்ளி வைத்த மிருதங்கத்தை வாசிக்கிறவன் மாதிரி. இன்னொரு விதமாகவும் பாருங்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு பாட்டு போனால், ஒரு அடிக்கு 500 மில்லிசெகண்ட், அதை நாலாகப் பிரித்தால் ஒரு எழுத்துக்கு 125. தகதிமி என்று தட்டினால் ‘த’ காதுக்கு வருகிற நேரத்தில் விரல் ‘க’வுக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

வார இறுதிகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு இந்தச் செயலிகளைச் சொல்லித் தருகிறேன். அவர்களில் தாள ஞானம் அதிகம் உள்ளவர்கள்தான் முதலில் கஷ்டப்படுகிறார்கள். கோயில் திருவிழாவில் பறை அடித்துப் பழகிய ஒரு பையன், மேசையில் தட்டச் சொன்னால் அப்பழுக்கில்லாமல் தட்டுவான், அவன் ஃபோனில் பேடைத் தட்டினால் இரண்டு சுற்றிலேயே தாளம் இழுத்துக்கொண்டு போகும். காதில் கேட்பதற்கு ஏற்ப விரலை மெதுவாக்குகிறான், மெதுவாக்கினால் ஒலி இன்னும் பின்னால் வருகிறது. கடைசியில் எனக்கு வரவில்லை என்று ஃபோனை வைத்துவிட்டான். என் டேப்லெட்டைக் கொடுத்ததும், அதில் தாமதம் குறைவு, அதே பையன் சிரித்துக்கொண்டே வாசித்தான். அவனிடம் குறை எதுவும் இல்லை, அவன் அப்பா தவணையில் வாங்கித் தந்த ஃபோனில்தான் குறை. அந்த வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது, தனக்குத்தான் வராது என்று நினைத்துக்கொள்வான். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

விடாமல் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கையால் வாசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சீக்வென்சரில் கட்டம் கட்டமாக நோட்டை வைத்து ஓடவிடுகிறார்கள், அப்போது தாமதம் தெரியாது, எல்லாம் ஒரே அளவு தள்ளித்தான் வரும். டெக்னோவுக்கும் ஹவுஸுக்கும் அது பொருத்தம், கட்டத்தில் வைத்தே அற்புதமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கானா தாளத்திலோ தவில் அடியிலோ இருக்கிற அந்தச் சின்னச் சின்ன முன்பின் நகர்வு கட்டத்தில் வராது, அது விரலிலிருந்து மட்டும்தான் வரும். உங்கள் ஃபோன் ஒரு வகை இசையைச் சுலபமாக்கி இன்னொரு வகையை அடைத்து வைக்கிறது. அடைபடுவது பெரும்பாலும் எங்கள் வகை.

பாடுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஓடுகிற பீட்டின் மேல் குரலைப் பதிவு செய்தால், பீட் வெளியே வருகிற தாமதமும் குரல் உள்ளே போகிற தாமதமும் கூடி, பதிவான குரல் தாளத்துக்குப் பின்னால் விழும். செயலியில் அதைச் சரிசெய்ய ஒரு அளவு இருக்கும், கையால் தள்ளித் தள்ளிப் பொருத்த வேண்டும், இயர்ஃபோனை மாற்றினால் அந்த அளவும் மாறிவிடும். தன் குரலைத் தானே காதில் கேட்டுக்கொண்டு பாட முடியாது, எதிரொலி மாதிரி வந்து குழப்பும். அதனால் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடுகிறார்கள்.

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது ஏஆடியோ என்ற புது வழியைக் கூகுள் கொடுத்தது. அடுத்து வந்த 8.1-ல், மிக்சர் வழியாகப் போகாமல் செயலி நேராக ஆடியோ டிரைவரின் (ஒலிச் சிப்பை இயக்கும் மென்பொருளின்) நினைவகத்திலேயே ஒலியை எழுத வழி வந்தது, எம்மேப் என்பார்கள். 2018-ல் செயலி எழுதுகிறவர்களுக்காக ஓபோ என்ற தயார் நிரல்களின் நூலகமும் வந்தது. செயலிக்காரர்களில் பலர் அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் ஃபோனுக்குள் இருக்கிற ஆடியோ அடுக்கும் டிரைவரும் ஒத்துழைத்தால்தான் எம்மேப் வேலை செய்யும், அந்த அடுக்கை ஒவ்வொரு மாடலுக்கும் தயார் செய்வது நீங்கள். விலை கூடிய மாடலில் அதைச் சரியாகச் செய்கிற நிறுவனமே விலை குறைந்த மாடலில் விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். தாமதத்தின் பெரும்பகுதி மென்பொருளில் இருக்கிறது, அதைக் குறைக்கத் தங்க முலாம் பூசிய பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை, உட்கார்ந்து செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஹெட்ஃபோன் ஜாக் பற்றியும் சொல்லியாக வேண்டும். ப்ளூடூத் இயர்ஃபோன் பாட்டுக் கேட்க நல்லது, பாட்டு செய்ய உதவாது. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் இன்னும் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் கூடிவிடும், கையால் வாசிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜாக்கை எடுத்துவிட்டு டைப்-சி அடாப்டர் வாங்கிக்கொள் என்கிறீர்கள், சரி, ஆனால் ஒரு ஃபோனில் வேலை செய்யும் அடாப்டர் இன்னொன்றில் வேலை செய்வதில்லை, ஏனென்றால் சிலது அனலாக் ஒலியை எதிர்பார்க்கும், சிலதுக்குள் தனியாக ஒரு சிப் இருக்கும், எது வேண்டும் என்று உங்கள் பெட்டியில் போடுவதில்லை. அதோடு இருக்கிற ஒரே துளையில் அடாப்டரைச் செருகிவிட்டால் மிடி கீபோர்டை, அதாவது எந்த நோட்டை வாசிக்கிறோம் என்று ஃபோனுக்குச் சொல்லும் பியானோ மாதிரிக் கட்டைகளை எங்கே செருகுவது? 2015-ல் ஆண்ட்ராய்டு 6-லிருந்தே மிடி வசதி இருக்கிறது, வேறு கருவியை ஃபோனோடு இணைக்கிற ஓடிஜி கேபிளில் ஒரு சின்ன கீபோர்டை மாட்டினால் ஃபோன் ஒரு சின்தசைசர் ஆகிவிடும். அந்த வசதி துளை இல்லாமல் வீணாகிறது. விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இன்னும் ஜாக்கை விட்டு வைத்திருக்கிறீர்கள், அதற்கு மனதார நன்றி, தயவு செய்து எடுத்துவிடாதீர்கள்.

பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று நீங்கள் செய்கிற சில விஷயங்களும் எங்களை அடிக்கின்றன. ஒரு ட்ரம்மும் ஒரு பேஸும் மட்டும் ஓடும்போது வேலை குறைவு என்று ஃபோன் பிராசஸர் வேகத்தைக் குறைத்துவிடுகிறது, திடீரென்று நாலு சின்த் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் வேகம் ஏறுவதற்குள் ‘கர்ர்’ என்று ஒலி கிழிகிறது. வரிகளைப் பார்க்க வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால் இசைச் செயலியையே மூடி வைத்திருக்கிறது, சேமிக்காத வேலை போச்சு. கேம் ஆடுகிறவர்களுக்குத் தனியாக கேம் மோட் வைத்திருக்கிறீர்கள், அறிவிப்பை நிறுத்தும், வேகத்தைக் குறைக்காது. அதே மாதிரி இசைக்கும் ஒன்று வையுங்கள். அதைப் போட்டால் ஒலி மெருகு எஃபெக்ட் எல்லாம் அணைய வேண்டும், பிராசஸர் நிலையாக ஓட வேண்டும், செயலியைக் கொல்லக் கூடாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த எண். ஆண்ட்ராய்டு விதிமுறையிலேயே ‘ப்ரோ ஆடியோ’ என்று ஒரு தகுதி இருக்கிறது, ஒலி ஃபோனுக்குள் நுழைந்து திரும்ப வெளியே வரும் சுற்றுத் தாமதம் இத்தனை மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் ஒரு ஃபோன் அதைச் சொல்லிக்கொள்ளலாம். இது சிஸ்டத்துக்குள் ஒரு வரியாக ஒளிந்து கிடக்கிறது, கடையில் ஃபோன் வாங்குகிறவர் கண்ணில் படுவதே இல்லை. அளக்கும் கருவிக்கும் பஞ்சமில்லை. ஓபோடெஸ்டர் என்ற இலவசச் செயலியில் தட்டலுக்கும் ஒலிக்கும் நடுவே உள்ள நேரத்தை அளக்கலாம், சுற்றுத் தாமதத்தையும் அளக்கலாம், உங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு மாடலுக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஸ்பீக்கரில் எவ்வளவு, கம்பி இயர்ஃபோனில் எவ்வளவு, டைப்-சியில் எவ்வளவு என்று மூன்று எண்களை உங்கள் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் போடுங்கள். சிஸ்டம் அப்டேட் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி அளந்து போடுங்கள், ஏனென்றால் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நன்றாக இருந்த தாமதம் கூடிப்போவதும் நடக்கிறது. எண் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, போடுங்கள். கடன் வாங்கி ஃபோன் எடுக்கப் போகிற பிள்ளைக்கு எதை எடுக்கலாம் என்று நான் சொல்லவாவது அது உதவும். கடைக்குக் கடை போய் டெமோ ஃபோனில் பியானோ செயலியைத் திறந்து தட்டிப் பார்க்கும் வேலையும் மிச்சம்.

பட்டியல் போடுவதை இப்போது கடையில் இருக்கும் மாடல்களிலிருந்தே தொடங்கலாம். ஜாக்கும் இசை மோடும் வடிவமைப்பில் இருக்கிற அடுத்த மாடலில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஃபோனில் இசை செய்யும் ஒருவன்